துண்டுத் தாள் சொல்லும் சேதி

அண்மையில் அம்மாவைக் கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். இரத்த அழுத்தம் பார்த்த தாதி, எண்ணைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர் இல்லையா?"

"இருக்குண்ணே, கவுண்டர்ல. ஒவ்வொருத்தருக்கும் அங்க ஓட முடியுமா? நாலு பேரைப் பார்த்துட்டு மொத்தமா தட்டிடுவேன்."

நான்கு நோயாளிகள், ஒரே தாள். ஒரு வரி மாறினால் அம்மாவின் கணக்கு இன்னொருவருக்குப் போய்விடும். இது தாதியின் தவறா? வார்டில் வேலை எப்படி நடக்கிறது என்று அவரைக் கேட்காமலே கணினியைக் கொண்டுவந்து வைத்தவர்களின் தவறா?

நான் கணினிக்கு எதிரி அல்ல. பத்துமலைக்குப் பக்கத்தில் உள்ள செலாயாங் மருத்துவமனை 1999-இல் நாட்டின் முதல் தாளில்லா மருத்துவமனையாகத் தொடங்கியது. கோப்பு தொலைவதும், மருத்துவரின் கையெழுத்து புரியாமல் விழிப்பதும் குறைந்தால் நமக்குத்தான் நல்லது.

ஆனால், பயன்படுத்துபவருக்கு ஒத்துவராத கணினி நிலைக்காது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் 2002 இறுதியில் மருந்து, பரிசோதனை உத்தரவுகளைக் கணினியில் பதிய வைத்தார்கள். கையால் நொடியில் எழுதியதற்கு நிமிடங்கள் ஆயின. நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 2003 ஜனவரியில், கோடிக்கணக்கான டாலர் செலவான அந்த முறை நிறுத்தப்பட்டது.

அங்கே குரல் கொடுத்தவர்கள் மருத்துவர்கள், எடுபட்டது. தாதியும் மருந்தகப் பணியாளரும் சொன்னால் யார் கேட்பார்? அவர்கள் சண்டை போடுவதில்லை. துண்டுத் தாளில் எழுதி, ஒருவர் திறந்த திரையில் நால்வர் பதிந்து, எப்படியோ சமாளிக்கிறார்கள். அந்தத் துண்டுத் தாள்தான் அவர்களின் புகார் மனு.

என்ன செய்யலாம்? வாங்கும் முன் ஒரு வார்டில் சோதித்துப் பார்க்கலாம். தேர்வுக் குழுவில் இரவுப் பணி பார்க்கும் தாதிக்கும் இடம் தரலாம். பயிற்சியைப் பணி நேரத்திலேயே கொடுக்கலாம். குறை சொன்னவருக்கு, சரி செய்தோமா இல்லையா என்று பதிலும் சொல்ல வேண்டும்.

நம் வீடுகள் பலவற்றில் அக்கா தாதி. தம்பி சைபர்ஜெயாவில் மென்பொருள் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். தம்பி, இந்த வாரம் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: "உங்க வார்டு கம்ப்யூட்டர்ல எது ரொம்ப சிரமம்?"

சோறு ஆறிப்போகும் அளவுக்குப் பதில் வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.