மூன்றாந் தவணையின் மிச்ச நாட்கள்

ராகலையைக் கடந்து உடப்புசல்லாவைக்கு இறங்கும் தோட்டங்களில் நவம்பர் என்றால் மழை. ஹட்டன் பக்கத்தை நனைப்பது தென்மேற்குப் பருவக்காற்று. இந்தக் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குக் காற்றுதான், ஜனவரி வரைக்கும். மூன்றாந் தவணைப் பரீட்சை முடிவதும் அந்த மழைக்குள்தான். புள்ளிகளை அறிக்கையில் ஏற்றிய மறுநாளே வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும். “பரீட்சதான் முடிஞ்சிருச்சே டீச்சர், இனி எதுக்கு மழையில அனுப்பணும்?” என்று தாய்மார் கேட்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சைக்காகத்தான் படிப்பு என்று அவர்களுக்குக் காட்டியவர்கள் நாம்.

1999இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றையும் சேர்த்தே கற்பிக்கச் சொன்னது. தரம் 2, தரம் 4, தரம் 5 ஆகியவற்றின் முடிவை முதன்மை நிலைகளின் எல்லையாக வைத்தது. அந்த எல்லையில் பிள்ளை அத்தியாவசியத் தேர்ச்சிகளை அடைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அடையாத பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டும். அதற்கு உகந்த நாட்கள் இந்த மிச்ச நாட்களே. வினாத்தாளில் எழுதத் தெரியாமல் தடுமாறிய பிள்ளை, கையில் பொருள் கிடைத்தால் என்ன செய்கிறது என்பதை அப்போதுதான் பதறாமல் பார்க்க முடியும்.

மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் அடிமட்டத்தை ஒட்டி முற்றத்தில் வைத்தால், தரம் 2 பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் நிறம் தீட்டிக் குறிப்பார்கள். நேற்றைவிட இன்று எவ்வளவு கூட? கழித்தல் தானாக வந்துவிடும்.

தரம் 4க்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பதினெட்டுக் கிலோ எடுத்தால் எத்தனை கிலோ தேயிலை? அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் சம்பளத்தில் எவ்வளவு குறையும்? வீட்டில் தினமும் காதில் விழும் கணக்கு இது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: யாருடைய அம்மா எத்தனை கிலோ எடுத்தார் என்று கேட்கக் கூடாது, கரும்பலகையில் எழுதவும் கூடாது. குறைவாக எடுத்த தாயின் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து உட்கார நாம் காரணமாகக் கூடாது.

ஆண்டு முடிவில் கொப்பிகளில் எழுதாத தாள்கள் மிஞ்சும். அவற்றைக் கழற்றி, நூலால் தைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு புத்தகம் செய்யலாம். அப்பாயி சொன்ன கதை, தேயிலைக் கன்றுத் தவறணையில் பார்த்த பூச்சி, லயத்துக்கு வந்த விருந்தாளி என எதையும் அதில் எழுதலாம். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும், கீழே நாம் எழுதிக் கொடுப்போம். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் இல்லாத வீடுகளுக்கு விடுமுறையில் அது போய்ச் சேரும்.

எனக்குப் பெரிய கவலை தரம் ஐந்தைப் பற்றித்தான். 2025இல் புலமைப்பரிசில் பரீட்சை ஆகஸ்ட் 10இல் நடந்தது. அதன்பின் ஆண்டு முடிய நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருப்பு, வந்தபின் சிலருக்கு மாலை, மற்றவர்களுக்கு மௌனம். அந்த மௌனத்தில் இருக்கும் பிள்ளைகளே வகுப்பில் அதிகம். ஒரு முழுக் கதையை ஆறுதலாக வாசிக்க அவர்களுக்கு முன்பு நேரம் கிடைக்கவில்லை; இப்போது கிடைக்கிறது. அவர்களைத் தரம் 1க்கு அனுப்பிக் கதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த பழைய தோட்டப் பாடசாலைகளில் குறைகள் ஏராளம். ஆனாலும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அங்கே இயல்பாக நடந்தது.

தரம் ஐந்தோடு முடிந்துவிடும் சிறிய பாடசாலைகள் நம் தோட்டங்களில் பல. அங்கே படித்து முடித்த பிள்ளை ஜனவரியில் தெரியாத பாடசாலைக்கு, தெரியாத பஸ்ஸில் போக வேண்டும். பல பிள்ளைகளின் படிப்பு அந்த வழியில்தான் நின்றுபோகிறது. இரண்டு பாடசாலைகளின் அதிபர்களும் பேசி, டிசம்பருக்குள் ஒருநாள் தரம் ஐந்து முழுவதையும் அந்தப் புதிய பாடசாலைக்குக் கூட்டிப்போக முடியும். ஆறாம் வகுப்பு அறை எது, தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே, திரும்பி வர எந்தத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.