கூலிக் கணக்கைத் தீர்க்காமல் குடும்ப விழாவா?

பிரஞ்சு பேசும் நாடுகளின் விளையாட்டு விழா 1989-ல் மொராக்கோவில் தொடங்கியது. ஓட்டம், மல்யுத்தம், கால்பந்து, இவற்றோடு பாட்டு, நடனப் போட்டிகளும் உண்டு. நாமெல்லாம் ஒரே மொழிக் குடும்பம் என்கிறார்கள், நடத்துகிறவர்கள்.

குடும்பமாம்! இந்த உறவு எப்படி வந்தது, தோழர்களே?

காஞ்சிபுரத்துக்கு அது தெரியும். 1757-ல் இங்குள்ள கோயிலைத் தாக்கிப் பிடிக்க முடியாத பிரஞ்சுப் படை, ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று.

புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1936 ஜூன் மாதம் பிரான்சுத் தொழிலாளி போராடி, வாரம் 40 மணி நேர வேலைச் சட்டத்தைப் பெற்றான். அதே ஆண்டு ஜூலை 30-ல், அதே பிரஞ்சு ஆட்சியின் போலீஸ் சவானா மில் தொழிலாளிகளைச் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். பாரிசில் சட்டம், புதுச்சேரியில் தோட்டா! அந்த ரத்தம் சிந்திய பிறகே, 1937-ல் எட்டு மணி நேர வேலை புதுச்சேரிக்கு வந்தது.

2023-ல் இந்த விழா காங்கோவின் கின்ஷாசா நகரில், ஜூலை 28-ல் துவங்கியது. மூன்றாம் நாள் ஜூலை 30. புதுச்சேரி தன் தியாகிகளை நினைக்கும் நாள்!

கின்ஷாசாவுக்கு அந்த விழா போன கதையும் கேளுங்கள். முதலில் ஏற்றது கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம். செலவு பல மடங்கு ஏறியதும் 2019-ல் கைகழுவிவிட்டது. பணக்கார நாடு தாங்காத சுமை ஏழைக் காங்கோவின் தலையில்! அங்கே பிரஞ்சைக் கொண்டுவந்தது பெல்ஜிய ஆட்சி. லியோபோல்டு மன்னனின் ரப்பர் கொள்ளைக்காக அங்கே மனிதக் கைகள் வெட்டப்பட்டன. விடுதலை வீரர் லுமும்பா 1961-ல் கொல்லப்பட்டார்.

2005-ல் விழா நடத்திய நைஜரின் கதை என்ன? அதன் யுரேனியம் பல பத்தாண்டுகளாகப் பிரான்சின் மின்நிலையங்களுக்குப் போயிற்று. நைஜரின் பெரும்பாலான வீடுகளோ இருட்டில் கிடக்கின்றன. 2025 மார்ச்சில் நைஜர், மாலி, புர்கினா பாசோ மூன்றும் இந்தக் குடும்பத்தை விட்டு விலகுவதாக அறிவித்தன. அங்கே ஆள்கிற பட்டாளத்தாருக்கு நாம் ஜே போடவில்லை. ஆனால் மக்களின் கோபம் பொய்யல்ல.

விளையாடும் பிள்ளைகள்மீது நமக்குக் குறையில்லை. பிரஞ்சு மொழிமீதும் பகையில்லை. பாரிஸ் கம்யூன் பேசிய மொழியல்லவா அது! ஆண்டு முழுதும் கூலியில் கைவைத்துவிட்டு, தீபாவளிக்கு இனிப்புப் பொட்டலம் நீட்டும் முதலாளியின் தந்திரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

வெள்ளைக்காரனுக்கும் இதேபோல் ஒரு பொட்டலம் உண்டு. 1930-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விளையாட்டு என்று பிறந்து, இன்று காமன்வெல்த் விளையாட்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2010-ல் டில்லியில் அது நடந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் அதற்குத் திருப்பிவிடப்பட்டது. சர்க்காரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வயலில் நாற்று நடும் தாயின் பங்கு அது! 2030-ல் அதே விழா அகமதாபாத்துக்கு வருகிறது.

இப்போதே கேட்போம்: செலவு எவ்வளவு? யார் பணம்? மைதானம் கட்டுகிறவனுக்குச் சட்டக் கூலி உண்டா? சேரிக்கும் நெசவாளர் தெருவுக்கும் விளையாட ஒரு திடல் உண்டா?

முதலில் கணக்கைத் தீர். பிறகு குடும்பம் கொண்டாடு!