சூடு என்று சொல்லி மறைத்த நோய்

என் பெரியம்மாவுக்குப் பதினோரு ஆண்டுகளாக வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். என்னவென்று கேட்டால், "சூடுடி, வேற ஒண்ணும் இல்ல" என்பார். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடிப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார். மறுநாள் அதே வலியோடு களை வெட்டப் போவார்.

நான் நர்சிங் முடித்த ஆண்டுதான் முதல்முறையாக என்னிடம் வாய்திறந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்த டாக்டரம்மா இரண்டு பொட்டலம் மாத்திரை கொடுத்தார். ஒன்று பெரியம்மாவுக்கு, இன்னொன்று பெரியப்பாவுக்கு. இரண்டு பேரும் சாப்பிட்டால்தான் குணமாகும் என்று சொல்லி அனுப்பினார்.

பெரியப்பா அந்தப் பொட்டலத்தை வாசலில் வீசினார். "எனக்கு என்னடி நோவு? எவன்கிட்ட வாங்கிட்டு வந்து எனக்கு மருந்து குடுக்கற?" தெருவே கேட்டது. பெரியம்மா தன் மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டார். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம் திரும்ப வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது அவர் வரவில்லை. "மருந்து சாப்பிட்டதுக்கே இந்தப் பேரு. இன்னொரு தடவ வேணாம் கண்ணு" என்றார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

வெள்ளைப்படுதல் எல்லாமே பாலுறவால் தொற்றும் நோய் அல்ல. இயல்பாகவே வெளியேறும் திரவம் உண்டு. பூஞ்சையால் வருவதும் உண்டு. ஆனால் டிரைக்கோமோனாஸ் போன்ற தொற்றுகள் பாலுறவு வழியாகத்தான் பரவும். ஆண்களில் பலருக்கு அதன் அறிகுறியே தெரியாது. மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டால் கணவனிடமிருந்து மீண்டும் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் இருவருக்கும் சேர்த்து மருந்து தருகிறார்கள். மருத்துவத்துக்கு இது எளிய கணக்கு. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பொட்டலம் மனைவியின் நடத்தையைப் பற்றிய சாட்சியாகிவிட்டது.

கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கூச்சப்படுகிறார்கள், மூடநம்பிக்கை அதிகம் என்று எங்கள் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் படித்தேன். என் பெரியம்மாவுக்கு இருந்தது கூச்சமா? சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. சொன்ன பிறகு அதுவே நடந்தது. நாம் அறியாமை என்று பெயர் வைத்திருப்பது பல வேளைகளில் அனுபவம் தந்த எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது? 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்த கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார் அவர். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்த அகமணத்தைக் காப்பாற்றக் கண்டுபிடிக்கப்பட்ட வழிமுறைகள் என்று விளக்கினார். அதாவது பெண்ணின் உடலைக் காவல் காக்காமல் சாதி நிற்காது. அந்தக் காவல் கல்யாணத்தோடு முடிவதில்லை. கல்யாணமான பெண் தன் பிறப்புறுப்பில் நோய் என்று சொன்னாலே, "எப்படி வந்தது?" என்று விசாரிக்கும் உரிமை கணவனுக்கும் மாமியாருக்கும் ஊருக்கும் வந்துவிடுகிறது. ஆணை யாரும் விசாரிப்பதில்லை. "நிரோத் போடு" என்று கணவனிடம் கேட்கிற பெண்ணும் இதே விசாரணையில்தான் மாட்டுகிறாள்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்கு இதன்மேல் இன்னொரு சுமை. எங்கள் ஊரில் நர்சம்மா வருகிற நாளில் ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில்தான் உட்காருவார். காலனிக்குள் வருவது அபூர்வம். யாருடைய நிலத்தில் கூலிக்குப் போகிறார்களோ அந்த வீட்டுப் பெண்கள் பக்கத்தில் வரிசையில் நிற்க, எங்கள் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவார்கள்? "அவளுங்களுக்கு என்ன, எப்படி வேணாலும் இருப்பாளுங்க" என்ற வசவைக் கேட்டு வளர்ந்தவர்கள், அந்த வசவுக்கு ஆதாரம் கொடுக்கிற மாதிரி ஒரு நோயைப் பொதுவில் சொல்வார்களா? போதாததற்குக் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மருத்துவமனை திறந்திருக்கும் நேரமும் களை வெட்டும் நேரமும் ஒன்றேதான்.

அரசு இந்தப் பெண்களைத் தேடியே வராமல் இல்லை. கருத்தடைக்கு வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். ஏழைகளும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் வேட்டையாடப்பட்டார்கள். 1977 தேர்தலில் அதற்கு மக்கள் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் போகத் தயங்கின. பாரம் முழுக்கப் பெண்கள்மேல் இறங்கியது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெண் அறுவை செய்துகொண்ட தம்பதியர் 37.9 விழுக்காடு. ஆண் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. தழும்பில்லா ஆண் கருத்தடை எளிமையானது, ஆபத்து குறைந்தது. இருந்தும் கணக்கு இதுதான்.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். 13 பெண்கள் இறந்துபோனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைப் பெண்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் பெரியம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வயது 23. நர்சம்மா வீடு தேடி வந்து அழைத்துப் போனது அந்த ஒருமுறைதான். குழந்தை பெறுவது நின்றதும் அவருடைய கருப்பைமேல் அரசுக்கு இருந்த அக்கறையும் நின்றது. ஆபரேஷன் ஆனபிறகு ஆணுறை எதற்கு என்று பெரியப்பா கேட்டார். கருத்தடை அறுவை எந்தத் தொற்றையும் தடுக்காது என்று அவர்கள் இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இந்த மௌனத்தின் விலையை எச்.ஐ.வி. நமக்கு ஏற்கெனவே காட்டியது. இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பாலியல் தொழிலாளர்களை எல்லோரும் பழித்தார்கள். "குடும்பப் பெண்களுக்கு" வராது என்று நம்பினார்கள். ஆனால் லாரித் தொழில் கொழித்த நாமக்கல் போன்ற மாவட்டங்களில், கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத மனைவிகளுக்குத் தொற்று வந்தது. கற்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. அப்படிக் கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான கௌசல்யா உள்ளிட்ட பெண்கள் சேர்ந்து, 1998-இல் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். ஒளிந்துகொள்ள மறுத்த அந்தப் பெண்கள்தான் நமக்கு முன்னோடிகள்.

நம் தலைவர்கள் இதைப் பேசக் கூச்சப்பட்டதில்லை. 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிகள் கோரி ஒரு தீர்மானம் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் அம்பேத்கர். அவர் தயாரித்த உரையைப் பி.ஜே.ரோகம் வாசித்தார். தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. பெரியார் அதற்கும் முன்பே குடிஅரசில் கருத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கருத்தடையைச் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றவர் அவர்.

ஆனால் நாம்? ஆணவக்கொலை நடந்தால் தெருவுக்கு வருகிறோம். வர வேண்டும். அகமணத்தை உடைக்கும் காதலுக்குத் துணை நிற்கிறோம். நிற்க வேண்டும். ஆனால் அகமணம் தினந்தோறும் நம் அம்மாக்களின் உடம்பில் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி நம் மேடைகளில் ஒரு வார்த்தை இல்லை. அதைப் "பெண்கள் பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுகிறோம். தோழர்களே, பெரியப்பா எங்கள் ஊரில் நீலக்கொடி ஏற்றியவர். அந்தப் பொட்டலத்தை வீசியவரும் அவர்தான்.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. துணைவருக்கான மருந்தை மனைவி கையில் கொடுத்து அனுப்பாமல், ஆண்களை அழைத்துப் பேசும் பொறுப்பைச் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும். கூலிக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் பெண் மருத்துவர் இருக்க வேண்டும். நர்சம்மா காலனிக்குள் வந்து உட்கார வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது. ஆனாலும் அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கருவி வந்துவிட்டது, பெண் உள்ளே வரும் பாதை இன்னும் அடைந்தே கிடக்கிறது.

அந்தப் பாதையைத் திறக்க நாமும் ஒன்று செய்யலாம். நம் படிப்பு வட்டங்களில் ஒரு நாள், ஆண்களை உட்கார வைத்து இதைப் பேசலாம். நான் எங்கள் தெருவில் போன மாதம் தொடங்கினேன். வந்தவர்கள் ஏழு பேர். பெரியப்பா வரவில்லை. ஆனால் என் தம்பி வந்தான். கடைசிவரை தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தவன், எல்லோரும் போனபின் கேட்டான்: "அக்கா, அந்த மாத்திரை இன்னும் கெடைக்குமா? அப்பாகிட்ட நான் பேசறேன்."

அவன் பெரியம்மாவின் மகன்.