ஆறு கட்டைதான்... அவசரம் வேண்டாம்!

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். கொலுவில் வைக்கிற பீங்கான் பொம்மையைக் குழந்தை கையில் எடுத்தாலே நமக்கு 'திக்'கென்று இருக்கும். கீழே விழுந்தால் போச்சு! அந்த பொம்மைக்குப் பக்கத்தில், தாராளமாகக் கையில் எடுத்துக் குடையக்கூடிய ஒரு மரப்புதிரையும் வாங்கி வையுங்கள் என்பது என் கட்சி.

ஆறு சின்னக் கட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நட்சத்திரம் மாதிரி நிற்குமே, அதைத்தான் சொல்கிறேன். ஆணி கிடையாது; பசை கிடையாது. கட்டைகளின் நடுவில் வெட்டிய பள்ளங்களே ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. சீனாவில் இதைப் பழங்காலத் தச்சர் லூ பான் பெயரால் 'லூ பான் பூட்டு' என்கிறார்கள்.

'ஆறே கட்டைதானே, அஞ்சு நிமிஷ வேலை' என்று நினைக்கத் தோன்றும். பிரிப்பது சுலபம்தான். சேர்க்கும்போதுதான் தெரியும் சேதி! பள்ளங்களை விதவிதமாக வெட்டினால் மொத்தம் எத்தனை சேர்க்கைகளைக் கற்பனை செய்யலாம் என்று அமெரிக்கரான பில் கட்லர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு 1990-ல் முடித்தார். விடை, 3,565 கோடிக்கும் மேல்! ஆகவே, ஒரு மணி நேரம் முழித்தாலும் வெட்கப்பட வேண்டாம்.

பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு ஒரு வழி: முதலில் எந்தக் கட்டை நகர்கிறது என்று மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பல புதிர்களில் பள்ளமே இல்லாத ஒரு கட்டை இருக்கும், அதுதான் சாவி. கழற்றிய வரிசையில் பென்சிலால் எண் போட்டு வையுங்கள். சேர்க்கும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும்; விலை மலிவான புதிர் இறுகிக்கொள்ளும். சுத்தியலைத் தேடாதீர்கள். நாலு நாள் காயட்டும்.

சரி, 'இதைச் செய்தால் மறதி நோய் வராதாமே?' என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேருக்கு நினைவாற்றல், யோசிக்கும் திறன், வேகம் ஆகியவற்றில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு என்ன? எதில் பயிற்சியோ அதில்தான் தேர்ச்சி. கட்டையைச் சேர்க்கப் பழகினால் கட்டை சேர்க்க வரும். பீரோ சாவியை வைத்த இடம் ஞாபகம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. தாத்தாவுக்கு மறதி அதிகமானால் டாக்டரிடம்தான் போக வேண்டும். பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது ஆபத்து.

அதேபோல, குழந்தையின் புத்தியை இதை வைத்து எடை போடாதீர்கள். 'பக்கத்து வீட்டுப் பையன் பத்து நிமிஷத்தில் போட்டுட்டானே!' என்ற ஒரு வார்த்தை போதும், பிள்ளை அதை அப்புறம் தொடவே தொடாது.

வாங்கும்போது சிலாம்பு இல்லாமல் இழைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொதுவாகக் கட்டாயம். சின்னத் துண்டுகள் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை கையில் கிடைக்கவே கூடாது.

பின்னே எதற்குத்தான் இது? தாத்தாவும் பேத்தியும் டி.வி.யையும் செல்போனையும் மறந்து, ஒரே கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இப்படி வச்சுப் பாரேன்' என்று பேசிக்கொள்கிற அரை மணி நேரத்துக்காக. கொடுத்த காசுக்கு அதுவே தாராளம்!