வலி தணிக்கும் ஊசி

முற்றிய புற்றுநோயாளியிடம் "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியைத் தணிக்க முடியும். அதில், உடலில் மெல்லிய ஊசிகளைச் செருகும் அக்குபங்சருக்கும் ஓர் இடம் உண்டு.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையும் மயாமி புற்றுநோய் நிறுவனமும் முற்றிய புற்றுநோயால் வலியோடு வாழ்ந்த 298 பேரிடம் ஆய்வு நடத்தின. ஒரு பிரிவினருக்கு அக்குபங்சர், மற்றவர்களுக்கு மசாஜ். 10 வாரம் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை. 2023இல் வெளியான முடிவின்படி, 26 வாரங்களில் இரு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. ஒன்றைவிட மற்றது மேல் என்று நிறுவப்படவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவு இல்லாததால், குறைந்த வலி முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும், மாத்திரையால் மட்டும் தீராத வேதனையில் இருப்பவருக்கு இது சிறிய செய்தி அல்ல.

நம் கவலை வேறு. ஊசியே புற்றைக் கரைத்துவிடும் என்று நம்பவைத்து, கீமோதெரபியையும் மார்ஃபினையும் நிறுத்தச் சொல்வது கொடுமை. அக்குபங்சர் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. இரத்தத் தட்டணுக்களோ வெள்ளணுக்களோ குறைந்திருப்பவருக்கு ஊசியால் இரத்தக்கசிவோ தொற்றோ ஏற்படலாம்.

ஆகவே, உங்கள் வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், அக்குபங்சரை நாடும் முன் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசுங்கள். வலி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.