டப்பாவில் அடைத்த தெம்பு

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஆரஞ்சு, ரொட்டி, கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். ‘உடம்பு தேறணும்ல’ என்பார்கள். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சத்து என்பது டப்பாவில் அடைத்து வருவது, வீட்டு அடுப்பில் வேகுவது வயிற்றை நிரப்ப மட்டும்தான் என்று அந்த அன்புக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் நம்பிக்கை பொய். ஏழை வீட்டின் காசை அது தின்கிறது.

போர்ன்விட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2023 வரை அதில் 100 கிராமுக்கு 37.4 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. அந்த ஏப்ரலில் ஒருவர் காணொலியில் சர்க்கரையைச் சுட்டிக்காட்ட, நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அந்தக் காணொலியை நீக்க வைத்தது. ஆண்டு முடிவதற்குள் அதே நிறுவனம் சர்க்கரையை 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் இன்னொன்றும் வெளியே வந்தது: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. இணைய விற்பனைத் தளங்கள் அந்தப் பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்க வேண்டும் என்று ஒன்றிய வர்த்தக அமைச்சகம் சொன்னது. ஹார்லிக்ஸும் தன் வகைப்பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. சட்டம் அறியாத ஒரு பெயரை நம்பித்தான் நம் வீடுகள் இத்தனை காலம் செலவழித்திருக்கின்றன.

‘குடித்தால் பிள்ளை வளர்கிறதே’ என்பார்கள். அந்த மாவைப் பாலில் கலக்கிறோமே, பால் எங்கே போயிற்று? உயரமும் வலிமையும் கூர்மையும் தரும் என்ற ஹார்லிக்ஸ் விளம்பரம் 2008இல் ஒரு நேபாளத் தொலைக்காட்சி வழியாகப் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது, அங்கிருந்த விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஆதாரம் போதாதென்று அதைத் தடுத்தது. அது வங்கதேசத்துக்காக எடுத்தது என்றது ஹார்லிக்ஸ் நிறுவனம். லண்டன் பிள்ளைக்குச் சொல்லக் கூடாததை டாக்கா பிள்ளைக்கும் தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கும் சொல்லலாமா?

ஆஸ்பத்திரியிலிருந்து காசிமேடு துறைமுகம் வெகு தூரமில்லை. நெத்திலியும் மத்தியும் அங்கே இறங்குகின்றன. 100 கிராம் மத்தியில் 20 கிராம் அளவுக்குப் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. மத்திக்கு விளம்பரம் எடுக்க யாரும் இல்லை, அதனால் அது ‘கவுச்சி’யாகவே நின்றுவிட்டது.

எண்ணூர்ப் பக்கம் டப்பா மீதான இந்த நம்பிக்கை இன்னும் ஆழமாக ஓடுகிறது. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரமெங்கும் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே வீட்டை விட்டு ஓடியது. காற்றையும் தண்ணீரையும் காக்க வேண்டியவர்கள் காக்காத இடத்தில், ‘எதிர்ப்பு சக்தி’ என்று எழுதிய டப்பாவைத் தாய் வாங்காமல் என்ன செய்வாள்? அவளிடம் போய் ‘லேபிளைப் படி’ என்று புத்தி சொல்வது அநியாயம். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டின் முதுகில், பொடி ஆங்கில எழுத்தில் இருக்கிறது அந்த லேபிள்.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பொருளின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் முன்வைத்த வரைவோ நட்சத்திர மதிப்பீடு. சர்க்கரை மண்டிய பொருளுக்கும் அதில் அரை நட்சத்திரமாவது உண்டு. பாராட்டு டப்பாவில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. எச்சரிக்கைதான் வேண்டும், முன்பக்கத்தில், தமிழில், ராயபுரத்துப் பாட்டி கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில்.