மேகம் இருக்கிறது... மேலே தூக்கும் காற்று எங்கே?



ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய்மை, வேலையில்லாத் திண்டாட்டம் என்று எழுதுவது வழக்கம். நான் எழுத வந்திருப்பது காற்றைப் பற்றி, அதுவும் கம்ப்யூட்டருக்குள் வீசுகிற காற்றைப் பற்றி! "ஃபிளைட் சிமுலேட்டர் விளையாடுற பசங்க சமாச்சாரம், இதெல்லாம் மலருக்கா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். நாளைக்கு மெஷின் முன்னால் நிற்கப் போகிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

மத்தியான வெயிலில் பருந்து சிறகடிக்காமல் வட்டம் போட்டு மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே கிளம்புகிறது. இதற்குப் பெயர்தான் தெர்மல். என்ஜின் இல்லாத கிளைடர் விமானமும் இதை நம்பித்தான் பறக்கிறது. வட்டமிடும்போது கிளைடர் நொடிக்கு 1 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். காற்று நொடிக்கு 2 மீட்டர் ஏறினால், மிச்சம் 1 மீட்டர் லாபம். 1000 மீட்டர் ஏற சுமார் 17 நிமிடம் ஆகும். காற்று ஏறவில்லை என்றால் அதே 17 நிமிடத்தில் 1000 மீட்டர் இறங்கி, வயலில் உட்கார வேண்டியதுதான்!

மேலே போகிற காற்று 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்ந்து, ஓர் உயரத்தில் மேகமாகிறது. பஞ்சுப் பொதி மாதிரியான அந்தக் குமுலஸ் மேகம்தான் கிளைடர் ஓட்டுபவருக்கு வழிகாட்டிப் பலகை. மேகம் தெரிந்தால் அதன் கீழே தூக்கும் காற்றைத் தேடலாம்.

சிமுலேட்டர்களிலும் இது உண்டு. ஸ்லோவேனியாவிலிருந்து 2005-ல் வந்த 'காண்டோர்' கிளைடருக்கென்றே செய்யப்பட்டது. 2006-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் டிஜி-808எஸ் என்ற கிளைடரும் தெர்மலும் இருந்தன. 2020-ல் வந்த புதிய பதிப்புக்கு 2022 நவம்பரில் கிளைடர்கள் சேர்க்கப்பட்டன.

சிக்கல் எங்கே வருகிறது? "நிஜ வானிலை வேணும்" என்று மேலே ஒரு ஆட்-ஆன் மாட்டும்போது! இப்படிப்பட்ட ஆட்-ஆன்கள் பலவற்றுக்கு மூலம், விமான நிலையங்கள் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வெளியிடும் 'மெட்டார்' அறிக்கை. அதில் காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிப்புள்ளி, அழுத்தம் எல்லாம் உண்டு. காற்று எவ்வளவு வேகத்தில் மேலே ஏறுகிறது என்பதற்கு மட்டும் இடமே கிடையாது!

எக்ஸ் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். வெளி புரோகிராம்கள் உள்ளே பேச 'சிம்கனெக்ட்' என்று ஒரு வாசல் வைத்தார்கள். வானிலையை மெட்டார் வடிவில் எழுத அதில் ஒரு கட்டளை. தெர்மலை உண்டாக்க வேறொரு கட்டளை. அதற்கு இடம், ஆரம், உயரம், நடுவேகம் எல்லாம் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல் கட்டளையை மட்டும் தெரிந்த ஆட்-ஆன் என்ன செய்யும்? மேகத்தை அழகாக ஓரிடத்தில் போட்டுவிடும். தூக்கும் காற்று வேறெங்கோ கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மேகத்தை நம்பிப் போனவன் கதி? இலவு காத்த கிளிதான்!

"நிஜ அறிக்கையில தெர்மல் இல்லேன்னா, அன்னிக்கு இல்லேன்னுதானே அர்த்தம்?" என்று ஒரு நண்பர் வாதாடினார். அப்படியில்லை நண்பரே! நம் வருகைப் பதிவேட்டில் பசிக்கு என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற யாருக்கும் பசியே இல்லை என்றாகிவிடுமா? எழுத இடம் இல்லாததும், இல்லவே இல்லாததும் ஒன்றல்ல.

ஆட்-ஆன் செய்பவர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. பெரிய விமானம் ஓட்டுபவருக்கு எதிர்காற்றும் மூடுபனியும்தான் முக்கியம்; அவருக்கு அது போதும். ஆனால் ஒருவருக்குச் செய்ததை இன்னொருவர் மாட்டும்போது, "இது எதை மாற்றுகிறது, எதை அழிக்கிறது?" என்று கேட்க வேண்டாமா?

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்கிறீர்களா? எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். வசதி உள்ளவர் கிளைடர் கிளப்பில் சேர்ந்து நிஜ வானத்தில் சரிபார்த்துக்கொள்வார். நமக்கு இந்த மானிட்டரில் தெரிவதுதான் வானம். அது பொய் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வானம் கிடையாது!

அப்பா கொத்தனார். "பூச்சு எவ்வளவு வழவழன்னு இருந்தாலும், தூக்குக்குண்டு பிடிச்சா செவுரோட குணம் தெரிஞ்சிடும்டா" என்பார். கிளைடரில் தூக்குக்குண்டு எது? ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர்தான். ஆட்-ஆன் இல்லாமல் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கிளைடரில் பறந்து முள்ளைப் பார்த்து எழுதுங்கள். பிறகு ஆட்-ஆனை மாட்டி அதையே செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்! மேகத்தின் உயரத்தையும் சோதிக்கலாம். வெப்பநிலை 34, பனிப்புள்ளி 22 என்றால் வித்தியாசம் 12. அதை 125-ஆல் பெருக்கினால் 1500 மீட்டர். குமுலஸின் அடிப்பகுதி ஏறக்குறைய அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

நாளைக்கு ஏதோ ஒரு ஒர்க்ஷாப்பில், "கம்ப்ரஸருக்கு இன்னொரு ஃபில்டர் மாட்டுப்பா" என்பார்கள். மாட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. தூசி குறையும், உள்ளே போகும் காற்றும் குறையலாம். அளந்து பார்த்தவன் டெக்னீஷியன். அளக்காமல் மாட்டியவன் வெறும் ஸ்பேனர் பிடித்தவன்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுவோம். என்ன சேர்த்தோம், அது எதை மாற்றுகிறது, யார் எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று அதில் எழுதுவோம். செலவு ஒரு தாள்தான்!

சேர்ப்பதற்கு முன் அளப்போம்! அளந்த பின் சேர்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை